அவசியமில்லாத சத்தம்

ஹார்லி டேவிட்சன் மோட்டார் சைக்கிளில் ஏறி உட்கார்ந்ததில்லை என்றாலும் அதன் சத்தத்தை சினிமாவிலாவது கேட்டிருப்பீர்கள். தெருக்கோடியில் திரும்பும்போதே நம் நெஞ்சுக்குள் இடிக்க ஆரம்பித்துவிடும். அந்தக் கம்பெனி ஆரம்ப காலத்தில் தயாரித்த வண்டிக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. என்ன தெரியுமா? ‘சைலன்ட் கிரே ஃபெல்லோ’. அதாவது, சத்தம் போடாத சாம்பல் நிறத் தோழன்!

கிண்டலுக்கு வைத்த பெயர் இல்லை. 1903-ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில், ஒரு சின்ன மரக் கொட்டகையில் தொழிலை ஆரம்பித்தவர்கள் வில்லியம் ஹார்லியும் டேவிட்சன் சகோதரர்களும். சாலையில் முக்கால்வாசி குதிரை வண்டிகள் ஓடிக்கொண்டிருந்த காலம். மோட்டார் சைக்கிள் வெடித்துக்கொண்டு வந்தால் குதிரை மிரளும், குழந்தை அலறும், ஊரே சபிக்கும். அதனால் ‘எங்கள் வண்டி சாதுவாகப் போகும்’ என்பதே வியாபாரத்துக்கு நல்ல சங்கதியாக இருந்தது. சாம்பல் நிற பெயின்ட், சத்தத்தை விழுங்கும் சைலன்சர், அமைதியான பெயர். வண்டி நன்றாகவே விற்றது.

இதே கம்பெனி 1994-ல் அமெரிக்க வர்த்தக முத்திரை அலுவலகத்துக்குப் போய் ஒரு விசித்திரமான மனுவைப் போட்டது. ‘எங்கள் வண்டியின் புகைக்குழாய்ச் சத்தம் எங்களுக்கு மட்டுமே சொந்தம். வேறு எவனும் இதே மாதிரி சத்தம் வருகிற வண்டி செய்யக் கூடாது!’

ஹார்லியில் இரண்டு சிலிண்டர்கள், ஆங்கில ‘வி’ எழுத்து மாதிரி 45 டிகிரியில் சாய்ந்து நிற்கும். இரண்டும் சேர்ந்து ஒரே பின்னைச் சுற்றுவதால், வெடிப்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளி சமமாக அமையாது. ஒன்று சீக்கிரம், அடுத்தது கொஞ்சம் தாமதம். காதில் ‘பொடேட்டோ... பொடேட்டோ... பொடேட்டோ’ என்று விழும். இந்த உருளைக்கிழங்கு சங்கீதத்துக்குத்தான் பட்டா கேட்டார்கள். போட்டிக் கம்பெனிகள் ஒன்பது வரிந்து கட்டிக்கொண்டு எதிர்க்க, ஆறு வருஷம் இழுபட்டு, 2000-ல் ஹார்லியே மனுவை வாபஸ் வாங்கிக்கொண்டது.

மௌனத்தை விற்றவர்கள் சத்தத்துக்குச் சொந்தம் கொண்டாடுகிற அளவுக்கு நடுவில் என்னதான் நடந்தது?

சைலன்சர் வருவதற்கு முன்னால் வண்டிகள் கத்தின, வந்த பிறகு அடங்கின என்று நினைத்தால் தப்பு. சைலன்சர் ரொம்பப் பழைய சாமான். அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தைச் சேர்ந்த மில்டன் ரீவ்ஸ், மார்ஷல் ரீவ்ஸ் என்ற சகோதரர்கள் 1897-லேயே இதற்கு பேட்டன்ட் வாங்கிவிட்டார்கள். கார் என்றால் என்னவென்றே பெரும்பாலோருக்குத் தெரியாத வருஷம் அது! எஞ்சினிலிருந்து சீறி வரும் சூடான புகையை ஒரு பெட்டிக்குள் விட்டு, அறை அறையாக அலைய வைத்து, கோபம் தணிந்த பிறகு வெளியே அனுப்புவது. தத்துவம் இன்றைக்கும் அதேதான்.

அமெரிக்கர்கள் இதை ‘மஃப்ளர்’ என்பார்கள். நமக்கு மஃப்ளர் என்றால் மார்கழிக் குளிரில் கழுத்தில் சுற்றுவது. ‘சைலன்சர்’ என்பது பிரிட்டிஷ்காரர்கள் விட்டுப்போன சொல். அமெரிக்காவில் சைலன்சர் என்றால் துப்பாக்கி முனையில் மாட்டுகிற சாதனம். அதை 1909-ல் பேட்டன்ட் செய்த ஹைரம் பெர்ஸி மாக்ஸிம் ஒரு மோட்டார் எஞ்சினீயர். குளித்து முடித்து தொட்டியைத் திறந்துவிட்டபோது, தண்ணீர் சுழித்துச் சுழித்து இறங்குவதைப் பார்த்து ஐடியா வந்ததாம். புகையையும் இப்படிச் சுழற்றி வெளியே விட்டால்? துப்பாக்கியில் ஆரம்பித்து மோட்டார் எஞ்சின்கள் வரை சைலன்சர் செய்து விற்றார். இவருடைய அப்பா யார் என்கிறீர்கள்? 1884-ல் மெஷின்கன்னைக் கண்டுபிடித்த சர் ஹைரம் மாக்ஸிம்! தன் துப்பாக்கியைத் தானே சுட்டுச் சுட்டுப் பார்த்துக் காது மந்தமாகிப்போனவர். அப்பா போட்ட சத்தத்தைப் பிள்ளை அடக்கினார் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆக, மருந்து ஆரம்பத்திலேயே கையில் இருந்தது. சாப்பிடத்தான் ஆளில்லை. சைலன்சரோடு கார் வாங்கியவர்கள் அடுத்து கேட்டு வாங்கிய சாமான் எது தெரியுமா? ‘கட்-அவுட்’. (நம்மூர்த் தலைவர்களுக்கு வைக்கிற கட்-அவுட் இல்லை!) டிரைவரின் காலடியில் ஒரு பெடல். அதை மிதித்தால் எஞ்சினுக்கும் சைலன்சருக்கும் நடுவே ஒரு வால்வு திறந்துகொள்ளும். புகை, சைலன்சர் பக்கமே போகாமல் நேராக வெளியே பாயும். தெருவே அதிரும். மோட்டார் சைக்கிளிலும் இதே ஏற்பாடு உண்டு.

ஏனய்யா இப்படி என்றால் மூன்று பதில்கள் தயாராக இருந்தன. ஒன்று, சைலன்சர் எஞ்சினின் சக்தியைத் தின்றுவிடுகிறது, மேடு ஏறும்போது திறந்துவிட வேண்டியிருக்கிறது. இரண்டு, எஞ்சினுக்கு என்ன கோளாறு என்று சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். மூன்று, வண்டி வருகிறது என்று தெருவில் நடப்பவனுக்குத் தெரிய வேண்டாமா? அவன் நன்மைக்குத்தானே!

முதல் பதிலில் கொஞ்சம் உண்மை இருந்தது. அந்தக் காலத்து மட்டமான சைலன்சர்கள் புகையை நெரித்து எஞ்சினை இழுத்துப் பிடித்தது வாஸ்தவம். ஆனால் சத்தம் என்பது சக்தி இல்லை. எஞ்சினுக்குத் தக்கபடி வடிவமைத்த குழாயைக் கழற்றிவிட்டு வெற்றுக் குழாயை மாட்டினால், சில வேகங்களில் இழுவை குறையக்கூடச் செய்யும். காது ‘ஆஹா, என்ன பவர்!’ என்கிறது. சக்கரத்துக்கு அது தெரியாது.

மூன்றாவது பதில்தான் சுவாரஸ்யமானது. ‘உன் நன்மைக்காகத்தான் உன் தூக்கத்தைக் கெடுக்கிறேன்’ என்ற இந்த வாதத்தை மோட்டார்காரர்கள் கண்டுபிடிக்கவில்லை. கட்-அவுட் பிரபலமாகிக்கொண்டிருந்த அதே காலத்தில், நியூயார்க்கில் படகுக்காரர்கள் இதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு மல்லுக்கு நின்று ஜெயித்தவர் ஒரு பெண்மணி. மோட்டார் சைக்கிள் சண்டை புரிய வேண்டுமானால் அந்தப் படகுச் சண்டையைப் பார்த்தே ஆகவேண்டும்.

பெயர் ஜூலியா பார்னெட் ரைஸ். 1885-ல் டாக்டர் பட்டம் வாங்கியவர், தொழில் செய்யவில்லை. ஆறு குழந்தைகளுக்குத் தாய். கணவர் ஐசக் ரைஸ் பெரும் பணக்காரர். அமெரிக்கக் கடற்படைக்கு நீர்மூழ்கிக் கப்பல் செய்துகொடுத்த ‘எலெக்ட்ரிக் போட்’ கம்பெனியை 1899-ல் ஆரம்பித்தவர். செஸ் என்றால் உயிர். ‘ரைஸ் கேம்பிட்’ என்று ஓர் ஆட்ட முறையே அவர் பெயரில் இருக்கிறது. ஹட்சன் நதியைப் பார்த்தபடி ரிவர்சைட் டிரைவில் மாளிகை கட்டி, மனைவி பெயரையே வைத்தார்: வில்லா ஜூலியா. தான் நிம்மதியாக செஸ் ஆட அடித்தளத்தில் பாறையைக் குடைந்து ஓர் அறை. வெளிச் சத்தம் உள்ளே வராது!

ஆனால் குடும்பமே பாறைக்குள் படுத்துத் தூங்க முடியுமா? ஹட்சன் நதியில் ராத்திரி பூராவும் இழுவைப் படகுகள் போய்வரும். ஒவ்வொன்றிலும் நீராவிச் சங்கு. ‘பூ...ம்’ என்று ஊதினால் கரையில் ஜன்னல் கண்ணாடி நடுங்கும். 

பணக்கார வீட்டு அம்மாள் என்ன செய்வார்? வீட்டை விற்றுவிட்டு வேறு பக்கம் போவார், அல்லது பேப்பருக்குக் காட்டமாக ஒரு கடிதம் எழுதுவார். ஜூலியா செய்தது வேறு. 1905-ல் கொலம்பியா பல்கலைக்கழகச் சட்ட மாணவர்களைக் கூலிக்கு அமர்த்தி, நதிக்கரையில் உட்காரவைத்து, ‘எத்தனை தடவை ஊதுகிறான் என்று எண்ணுங்கள்’ என்றார். விடிய விடிய எண்ணினார்கள். ஒரே இரவில் ஏறக்குறைய 3,000!

எதற்காக ஊதினார்கள் என்பதையும் கவனித்தார்கள். எதிரே வரும் படகுக்கு எச்சரிக்கை கொடுக்க ஊதியது கொஞ்சம்தான். மற்றதெல்லாம்? தெரிந்த படகைப் பார்த்தால் ‘என்னப்பா, சௌக்கியமா?’ என்று ஓர் ஊதல். கரையோரச் சாராயக் கடையில் உட்கார்ந்திருக்கும் சக தொழிலாளியை ‘கிளம்பு, நேரமாச்சு’ என்று கூப்பிட நாலு ஊதல். கடைக்காரனுக்கு ஓர் ஊதல். நதியே அவர்களுக்கு டெலிபோனாக இருந்தது. பில் மட்டும் கரையில் தூங்குகிறவர்களுக்கு!

‘ஐயோ, சங்கை நிறுத்தினால் படகுகள் முட்டிக்கொள்ளும், உயிர் போகும்’ என்று கூக்குரல் எழுந்தது. ஜூலியா அசரவில்லை. ‘ஆபத்துக்கு ஊதுவதை யார் வேண்டாம் என்றது? நான் கேட்பது அவசியமில்லாத ஊதலை நிறுத்தச் சொல்லித்தான்’ என்பதே அவர் கட்சி. கடைசிவரை இந்த ‘அவசியமில்லாத’ என்ற ஒரு சொல்லை அவர் விடவே இல்லை.

அடுத்தது இன்னும் புத்திசாலித்தனமான காரியம். தன் தூக்கத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார். மாளிகைக்காரியின் தூக்கத்துக்காக எந்த அரசாங்கம் சட்டம் போடும்? ஆற்றோரம் இருந்த ஆஸ்பத்திரிகளுக்குப் போனார். ஆபரேஷன் முடிந்து படுத்திருப்பவர்களும் காய்ச்சலில் கிடப்பவர்களும் இந்தச் சங்கினால் படும் பாட்டை டாக்டர்களிடம் எழுதி வாங்கினார். அந்தப் படுக்கைகளில் கிடந்தவர்களில் பெரும்பாலோர் ஏழைகள். அவர்களால் பாறையைக் குடைய முடியாது.

காகிதக் கட்டோடு நகராட்சி இலாகாக்களின் படிகளில் ஏறி இறங்கினார். ‘நதி எங்கள் அதிகாரத்தில் இல்லை அம்மா’ என்று எல்லோரும் கை விரித்தார்கள். நேராக வாஷிங்டனுக்கே போனார். வில்லியம் பென்னட் என்ற நியூயார்க் காங்கிரஸ் உறுப்பினர் கொண்டுவந்த மசோதா, 1907-ல் சட்டமாயிற்று. துறைமுகங்களில் தேவையில்லாமல் சங்கு ஊதுவதற்குத் தடை!

அதோடு விடவில்லை. ‘அவசியமில்லாத சத்தத்தை ஒடுக்கும் சங்கம்’ என்று ஒன்றை ஆரம்பித்து, ஆஸ்பத்திரிகளைச் சுற்றி ‘அமைதி மண்டலம்’ அறிவிக்க வைத்தார். சங்கத்தில் குழந்தைகளுக்குத் தனிக் கிளை. ‘ஆஸ்பத்திரி பக்கத்தில் கூச்சல் போட மாட்டேன்’ என்று சத்தியம் செய்துகொடுத்தால், சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பேட்ஜ். ஆயிரக்கணக்கான வாண்டுகள் சேர்ந்தன. இந்தக் குழந்தைகள் கிளைக்கு கௌரவத் தலைவர் யார்? எழுத்தாளர் மார்க் ட்வெய்ன்!

நம்மூர் ஆஸ்பத்திரி வாசலில் ‘ஒலி எழுப்பாதீர்’ என்று ஒரு போர்டு நிற்கும். அதன் அடியிலேயே ஆட்டோக்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் ‘அமைதி மண்டலம்’ என்று நம் மத்திய அரசு விதி போட்டது 2000-ல். ஜூலியா அம்மாள் கேட்டு வாங்கியதும் இதைத்தான், 93 வருஷம் முன்னால்!

கதையில் கசப்பும் உண்டு. எது அவசியமில்லாதது என்று யார் முடிவு செய்வது? அதிகாரத்துக்கு எப்போதும் இளைத்தவன்தான் முதலில் கண்ணில் படுவான். 1935-ல் நியூயார்க் மேயர் லா கார்டியா ‘சத்தமில்லா இரவுகள்’ என்று பெரிய இயக்கமே நடத்தினார். நல்ல காரியம்தான். ஆனால் 1936 பிறந்ததும் தெருவில் நின்று ஆர்கன் பெட்டியைச் சுற்றி வாசித்துக் காசு வாங்கிக்கொண்டிருந்த ஏழை இத்தாலியர்களின் லைசென்ஸ் போய்விட்டது. இத்தனைக்கும் அதற்கு ஆறு வருஷம் முன்னால் நகராட்சியே ஒரு கமிஷன் போட்டு, லாரியில் கருவிகளை ஏற்றிக்கொண்டு தெருத் தெருவாகச் சத்தத்தை அளந்து, 11,000-க்கும் மேற்பட்ட மக்களிடம் புகார் வாங்கி வைத்திருந்தது. அதில் முதலிடம் பிடித்தது ஆர்கன் பெட்டியா? இல்லை, மோட்டார் போக்குவரத்து! பெட்டிக்காரன் போய்விட்டான். மோட்டார் ஓடிக்கொண்டேயிருந்தது.

மோட்டாருக்கு வருவோம். கட்-அவுட்டைப் பல அமெரிக்க நகரங்களும் மாநிலங்களும் சட்டம் போட்டுத் தடை செய்தன. கொஞ்ச காலம் அடங்கியிருந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய இளைஞர்கள் மோட்டார் சைக்கிளில் ஏறியதும் மறுபடி கிளம்பியது. வேகத்துக்காக மட்கார்டு முதற்கொண்டு கழற்றி எறிந்தார்கள். சைலன்சரும் போயிற்று. 1947 ஜூலையில் கலிஃபோர்னியாவின் ஹாலிஸ்டர் என்ற சின்ன ஊரில் ஆயிரக்கணக்கான மோட்டார் சைக்கிள்காரர்கள் கூடிக் கலாட்டா செய்ய, பத்திரிகைகள் அதை ஊதிப் பெரிதாக்க, 1953-ல் மார்லன் பிராண்டோ தோல் ஜாக்கெட்டோடு ‘தி வைல்ட் ஒன்’ படத்தில் வந்திறங்க... அப்புறம் கேட்கவேண்டுமா? சாம்பல் நிறத் தோழனை எல்லோரும் மறந்துபோனார்கள். சத்தம்தான் கெத்து!

அந்தச் சந்தோஷம் பொய்யில்லை என்பதையும் சொல்லியாகவேண்டும். 1950-களில் மெட்ராஸ் திருவொற்றியூரில் புல்லட் பூட்ட ஆரம்பித்தபோதிருந்து, அந்த ‘டப்... டப்’புக்கு மயங்கிய தலைமுறைகள் நம்மிடமும் உண்டு. ஒற்றை சிலிண்டர், நீளமான ஸ்ட்ரோக். நிதானமான நாடித்துடிப்பு மாதிரி இருக்கும். கம்பெனி மாட்டிக் கொடுத்த சைலன்சரோடு வருகிற அந்தச் சத்தம் வேறு. அதைக் கழற்றிவிட்டு, உள்ளே தடுப்பே இல்லாத வெறும் குழாயை மாட்டிக்கொண்டு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு முறுக்குவது வேறு. முன்னது ரசனை. பின்னதில் ரசிப்பவர் ஒருவர். காதைப் பொத்திக்கொள்பவர்கள் தெருவில் நானூறு பேர்.

அமெரிக்காவில் இதைத் தட்டிக்கேட்டால் ஒரு கோஷம் பதிலாக வரும். ‘லௌட் பைப்ஸ் சேவ் லைவ்ஸ்’. சத்தமான குழாய் உயிரைக் காக்கும்! ஜாக்கெட் முதுகிலேயே தைத்துக்கொண்டிருப்பார்கள். காருக்குள் பாட்டுக் கேட்டுக்கொண்டு போகிறவனுக்கு மோட்டார் சைக்கிள் வருவது தெரியாது, சத்தம் கேட்டால்தான் சுதாரிப்பான் என்பது வாதம். கட்-அவுட் காலத்து மூன்றாவது பதில்! படகுச் சங்கின் அதே ராகம்!

பயம் நியாயமானதுதான். காரின் கதவு திறந்தால்கூட மோட்டார் சைக்கிள்காரன் உயிர் போகும். ஆனால் 1981-ல் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட் என்ற ஆராய்ச்சியாளர், லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார். முக்கால் பங்குக்கு மேல் ஆபத்து வந்தது எங்கிருந்து? முன்பக்கத்திலிருந்து, நேர்ப்பார்வையின் இரு புறமும் 45 டிகிரிக்குள். புகைக்குழாய் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது? பின்பக்கம். அதாவது, எதிரே திரும்பப்போகிற கார்காரனை எச்சரிக்கிறேன் என்று, கடந்து வந்துவிட்ட தெருவைப் பார்த்துக் கத்துகிறார்கள்! எதிரே வருபவன் கண்ணில் படுவதற்கு விளக்கும் பளிச்சென்ற சட்டையும்தான் உதவும் என்றது ஹர்ட் அறிக்கை. பளிச்சென்ற மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு ஹார்லி ஓட்டுவதில் என்ன கெத்து இருக்கிறது, சொல்லுங்கள்!

இவர்களுக்கு எதிரான குரல் அக்கம்பக்கத்தாரிடமிருந்து மட்டும் வரவில்லை. 1924-ல் ஆரம்பித்த அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கமே, ‘அளவுக்கு மீறிய சத்தம்தான் நம் மேல் ஜனங்களுக்கு வெறுப்பு வரக் காரணம்’ என்று சொந்தக்காரர்களிடமே சொல்லிப் பார்த்தது. கேட்டவர்கள் கேட்டார்கள்.

சட்டம் என்ன செய்தது? அமெரிக்க மத்திய அரசின் சுற்றுச்சூழல் இலாகா 1980-ல் விதி கொண்டுவந்தது. 1983 முதல் புது வண்டிகள் 83 டெசிபல், 1986 முதல் 80 டெசிபல். மூன்றுதானே குறைந்தது என்று நினைக்காதீர்கள். டெசிபல் கணக்கில் மூன்று குறைந்தால் ஒலியின் சக்தி பாதியாகிவிட்டது என்று அர்த்தம். குழாயிலேயே முத்திரை குத்தியிருக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். ஆனால், விதி போட்ட கையோடு, சத்தத்தைக் கண்காணிக்கும் பிரிவுக்கான பணத்தை ரீகன் அரசு 1982-ல் நிறுத்திவிட்டது. விதி இருக்கிறது, பார்க்க ஆளில்லை. முத்திரையுள்ள குழாயைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு, கடையில் வேறு வாங்கி மாட்டிக்கொண்டார்கள்.

(நம்மிடமும் சட்டத்துக்குக் குறைவில்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-வது பிரிவு இதற்கென்றே இருக்கிறது. 2019-ல் அபராதத்தை 10,000 ரூபாய் வரை உயர்த்தினார்கள். பிடுங்கிய சைலன்சர்களை வரிசையாகப் படுக்கவைத்து, போலீஸார் ரோடு ரோலரை ஏற்றி நசுக்கும் காட்சியை டி.வி-யில் பார்த்திருப்பீர்கள்.)

ஜூலியா அம்மாளின் நியூயார்க்கில் 2021-ல் ஒரு புதுச் சட்டம் வந்தது. வண்டிக்குச் சத்தக் குழாய் மாட்டுகிற மெக்கானிக் கடையையும் பிடித்து 1,000 டாலர் வரை அபராதம் போடலாம். சட்டத்தின் நீளமான பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் ‘ஸ்லீப்’ என்று வரும். தூக்கம்! அதே வருஷம் நகரத்தில் காது முளைத்த கேமராக்களை வைத்துப் பரீட்சை பார்க்க ஆரம்பித்தார்கள். மைக், வருகிற சத்தத்தை அளக்கும். 85 டெசிபலைத் தாண்டினால் கேமரா நம்பர் பிளேட்டைப் படமெடுக்கும். வீட்டுக்கு நோட்டீஸ் போகும். சட்டக் கல்லூரி மாணவர்கள் நதிக்கரையில் உட்கார்ந்து விடிய விடிய எண்ணிய வேலையை இப்போது மெஷின் செய்கிறது.

ஜூலியாவின் ஆறு குழந்தைகளில் ஒருத்தி டோரதி. வளர்ந்து என்ன ஆனாள் என்பதைச் சொல்லாவிட்டால் இந்தக் கதை முழுமையாகாது. பின்னாளில் விமானம் ஓட்டினாள், பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் பெரிய பேர் வாங்கினாள். அதற்கெல்லாம் முன்னால், பெண்கள் அந்தப் பக்கமே போகாத காலத்தில் அவள் புகழ் பெற்றது மோட்டார் சைக்கிள் ஓட்டி! சத்தத்தை எதிர்த்தவரின் வீட்டில்தான் அந்த வண்டியும் நின்றது.

1915-ல் ஐசக் ரைஸ் காலமானார். கணவர் நினைவாக ஜூலியா நியூயார்க் நகரத்துக்குப் பெருந்தொகை ஒன்றைக் கொடுத்தார். ஆஸ்பத்திரி கட்டவோ, லைப்ரரி கட்டவோ இல்லை. அந்தப் பணத்தில் பெல்ஹாம் பே பார்க்கில் எழும்பியது ஒரு ஸ்டேடியம். ஆயிரக்கணக்கான பேர் ஒன்றாக உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்துவதற்கென்றே கட்டிய இடம்.